அந்தோணியார் காலடியில் இரண்டு பொட்டலங்கள்

பாக்கார் ஆராங் வரிசை வீடுகளில் ஒரு வீட்டில் சண்டை நடந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். சுவர் அவ்வளவு மெல்லிசு. மரியராஜ் வீட்டுச் சண்டையோ போன வாரம் முழுக்க வரிசை தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நடந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. தள்ளி இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

மரியராஜின் ஒரே மகள் ஜெனவீவ் ஐந்தாம் படிவத் தேர்வில் முதல் தரத்தில் தேறிவிட்டாள். ஆறாம் படிவத்துக்கு இடமும் கிடைத்துவிட்டது. இரண்டு வருஷமாகக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பிற்பகல் வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சும் படித்தாள், ஜப்பான் மொழியும் படித்தாள். இனிமேல் படிப்பது மேல் வகுப்பு. இரண்டு மேல் வகுப்பும் ஒரே நாள், ஒரே நேரம். ஒன்றைத்தான் எடுக்க முடியும். எது என்று சனிக்கிழமை காலை தலைமையாசிரியையிடம் சொல்லியாக வேண்டும்.

எதை எடுக்க வேண்டும் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் துளிச் சந்தேகம் இல்லை. தொல்லையே அங்கேதான்.

அம்மா அகத்தாவுக்குப் பிரெஞ்சு. சிடாம் கிரி ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து சின்ன வயது அகத்தாவைக் கூட்டிவந்து, மடத்து விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைத்தவர் சிஸ்டர் ஜோன். பிரான்ஸ் தேசத்துக்காரர். வயதாகிவிட்டது, சீக்கிரமே ஊருக்குத் திரும்பிப் போகிறார். படிப்பு முடிந்ததும் ஜெனவீவை அங்கே அனுப்பி, சிஸ்டரின் மடத்தில் கன்னியாஸ்திரியாகச் சேர்த்துவிடுவதாக அகத்தா அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். மகளைக் கேட்டாளா என்றால், இல்லை. முதலில் மொழி ஏறட்டும், பிறகு மகளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். சண்டையில் மரியராஜ் அதைக் குத்திக் காட்டப் போய்த்தான் மகளுக்கே விஷயம் தெரிந்தது.

அப்பா மரியராஜுக்கு ஜப்பான். ஊருக்கு வெளியே இருக்கிற ஜப்பான்காரர் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். போன வருஷம் அங்கே ஒரு மெஷின் அடிக்கடி நின்றது. காரணத்தை மரியராஜ் கண்டுபிடித்துச் சொன்னார். அதை ஜப்பான் மேனேஜரிடம் மொழிபெயர்த்துச் சொன்னது பினாங்கிலிருந்து வந்த மனோகரன். என்ன சொன்னாரோ, மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. தப்பு மரியராஜுடையது என்று முடிவாகி, வேலையாட்கள் எல்லாரும் பார்க்க அவர் தலைகுனிந்து நின்றார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. குறுக்கே ஒரு வார்த்தை போடத்தான் தெரியவில்லை. அன்றிலிருந்து மனோகரனின் நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் அதில் தன் மகள் உட்கார்ந்திருப்பதாகவே அவர் நினைத்துக்கொள்வார்.

ஆக, வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது. அந்த ஊரில் வெள்ளிதான் வார விடுமுறை. இருவரும் வீட்டில். வேறென்ன வேண்டும்?

"பிரெஞ்சு படிச்சா சிஸ்டர் இருக்காங்க. ஜப்பான் படிச்சா யாரு இருக்கா? உங்க மெஷினா?" என்றாள் அகத்தா, சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டபடி.

"மெஷின் சோறு போடுது லா. உங்க சிஸ்டர் கேக்குதான் போடுறாங்க."

"கேக்கைப் பத்தி நீங்க பேசாதீங்க. பாப்பா பாஸ் பண்ணதுக்கு அவங்க குடுத்து விட்டதுல பாதியை முழுங்கினது யாரு?"

"வீணாப் போகக் கூடாதுன்னு தின்னேன்."

ஜெனவீவ் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "என்னை யாராச்சும் கேப்பீங்களா?"

"கேப்போம்மா. நீ சாப்பிட்டு முடி," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்த வாரத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பின்பக்க வேலிக்கு மேலே ஒரு தலை எழுந்தது. அழகம்மா. கணவன் பழனியாண்டி லாரி ஓட்டுகிறவன்; வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. பிறத்தியார் வீட்டு நியாயத்தைக் கவனிக்க அழகம்மாவுக்கு அதனால் போதிய அவகாசம் உண்டு.

"ஏங்க்கா இப்படித் தொண்டை கிழியக் கத்துறீங்க? பூக்கட்டிப் பாத்தா முடிஞ்சுச்சு."

அகத்தா அடுப்பை அணைத்தாள். தோட்டத்தில் பிறந்தவளுக்குப் பூக்கட்டிப் பார்ப்பதை விளக்க வேண்டியதில்லை. சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து, நூல் சுற்றி, வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி பொட்டலம் கட்டி, சாமி முன்னால் வைக்க வேண்டும். கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தால் தீர்ந்தது. கல்யாணமும் வழக்கும் அப்படித்தான் தீர்ந்தன. இந்துக்கள் மாரியம்மனிடம் வைத்தார்கள். வேதக்காரர்கள் அந்தோணியாரிடம் வைத்தார்கள்.

"ஃபாதருக்குத் தெரிஞ்சா?" என்றார் மரியராஜ்.

"ஃபாதர் கோயில்ல இருக்காரு. அந்தோணியார் நம்ம வீட்டுல இருக்காரு."

"சரி, சிவப்பு ஜப்பான். கொடியில பாரு, நடுவுல சிவப்பு."

"சுத்தி வெள்ளைதானே? வெள்ளைதான் நெறைய. அதனால ஜப்பான் வெள்ளை."

"பிரான்ஸ் கொடியில வெள்ளை இல்லையா?"

"சிவப்பும் இருக்கு. பிரெஞ்சு சிவப்பு. பேச்சு முடிஞ்சுது."

"பூ எங்க வேலியில எடுத்துக்குங்க," என்றாள் அழகம்மா. "செம்பருத்தியும் நந்தியாவட்டையும் பூத்துக் கெடக்கு. எத்தனை வேணுமோ பறிங்க." அந்தக் கடைசி வாக்கியத்தை எந்த நேரத்தில் சொன்னாளோ.

"உனக்குச் சம்மதமாம்மா?" என்று மரியராஜ் மகளைக் கேட்டார்.

"தாராளமா கட்டுங்க." ஜெனவீவ் கையைக் கழுவிக்கொண்டு சைக்கிள் சாவியை எடுத்தாள். "ஒரு எடத்துக்குப் போக வேண்டியிருக்கு. சாயங்காலம் வந்து எடுக்கிறேன்."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதே மரியராஜுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அதைவிட ஒரு மாதிரியாக இருந்தது அகத்தாவின் முகம். சண்டைக்காரி முகமாக இல்லை. ஜெயித்தவள் முகமாக இருந்தது.

மத்தியானம் அவள் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பொட்டலம் கட்டினாள். நடுவீட்டுச் சுவரில் பலகைமேல் நிற்கும் அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் வைத்தாள். தொலைந்து போனதைக் கண்டுபிடித்துத் தருவதுதான் அந்தோணியாருக்குப் பழக்கப்பட்ட வேலை. மொழி தேர்ந்தெடுத்துத் தருவது அவருக்கும் புதுசு. ஆனாலும் பிள்ளை இயேசுவைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகத்தான் நின்றார்.

பிறகு அகத்தா குளிக்கப் போனாள். போனவள் பாட ஆரம்பித்தாள். ஒரு வாரமாகப் பாடாதவள், கோயில் பாட்டை வாளித் தாளத்தோடு பாடினாள்.

மரியராஜ் நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டார். பயந்தவள் பாடமாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. பாதிக்குப் பாதி தோற்கும் ஆட்டத்தில் இவளுக்கு ஏன் பயமில்லை?

எழுந்துபோய் ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரிக்க வேண்டும் என்று எடுக்கவில்லை. சும்மா பார்க்கத்தான் எடுத்தார். மெஷினைக் கழற்றி மாட்டிப் பழகிய விரல்கள். முடிச்சு அதுபாட்டுக்கு அவிழ்ந்துவிட்டது.

சிவப்பு.

சரி, ஒன்று சிவப்பாகத்தானே இருக்கும்? இன்னொன்றை அவிழ்த்தார்.

அதுவும் சிவப்பு.

"அடிப்பாவி," என்றார் மரியராஜ், சுரூபத்தைப் பார்த்து. பிறகு உடனே சிலுவை போட்டுக்கொண்டார். அந்தோணியார் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது இல்லையா?

குளியலறைக் கதவைத் தட்டிக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் நின்றுவிட்டார். 'நீங்க எதுக்குப் பிரிச்சீங்க?' என்று அவள் கேட்பாள். அதற்கு என்ன பதில்?

இன்னொரு விஷயமும் இருந்தது. அகத்தாவிடம் அதை அவர் சொல்லவில்லை. மேல் வகுப்பில் ஜப்பான் எடுத்திருக்கிற பெண் என்றால் பள்ளி விடுமுறையில் ஆபீசில் உட்காரட்டும், படிப்பு முடிந்ததும் மனோகரனின் மொழிபெயர்ப்பு வேலை அவளுக்கே என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நாளைக் காலை எட்டு மணிக்கு மகளைக் கூட்டி வருகிறேன் என்று மரியராஜும் பாதி இங்கிலீஷிலும் பாதி கைஜாடையிலும் ஒத்துக்கொண்டு வந்திருந்தார். அகத்தா வாக்குக் கொடுத்ததைக் குத்திக் காட்டின மனுஷன், தானும் ஒன்று கொடுத்துவிட்டு வந்து கமுக்கமாக இருந்தார். இந்தக் குடும்பத்தில் மகளைத் தவிர எல்லாரும் மகளுக்காக வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

குளியலறையில் பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போயிருந்தது. மரியராஜ் பின்பக்கம் நழுவினார்.

நந்தியாவட்டைச் செடியில் கை வைத்ததும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"என்னாண்ணே, பூ பறிக்கிறீங்க?"

"ஆங்... கண்ணு எரியுது, அழகம்மா. நந்தியாவட்டை வச்சா நல்லதுன்னாங்க."

"நல்லதுதான். ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு எடுத்துக்குங்க." அவள் துணி காயப்போட்டுக்கொண்டே பேசினாள். "காலையில அக்கா மொதல்ல ஒரு செம்பருத்தியும் ஒரு நந்தியாவட்டையும் பறிச்சாங்க. கொஞ்ச நேரங்கழிச்சுத் திரும்பி வந்து இன்னொரு செம்பருத்தி கேட்டாங்க. தலைமுடிக்கு அரைக்கணுமாம்."

"ஓ."

"ஒரு பூவை அரைச்சு எந்த முடிக்குப் பூசுறதுன்னு நானும் யோசிச்சுப் பாத்தேன்."

மரியராஜுக்கு நிஜமாகவே கண் எரிவது போல இருந்தது. "அழகம்மா, இதை யார்கிட்டயும்..."

"நான் எதுக்குண்ணே சொல்றேன்? எனக்கு என்ன தெரியும்?" என்றாள் அழகம்மா. அப்படிச் சொல்லும்போது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பாட்டு முடிவதற்குள் இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டை ஏறிவிட்டது. பழைய மடிப்பு, பழைய முடிச்சு. இரண்டு செம்பருத்தியும் சட்டைப்பைக்குள் போயின. மரியராஜுக்குத் திடீரென்று மனசு லேசாகிவிட்டது. யோசிக்க யோசிக்கச் சிரிப்பு வந்தது. வெள்ளைதான் வரப்போகிறது. 'எப்படி வெள்ளை வரும்?' என்று அவளால் வாய் திறக்க முடியுமா? திறந்தால் தன் குட்டு உடையும். அகத்தா குளித்துவிட்டு வந்தபோது அவர் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, பெரிய குஷி?" என்றாள் அவள்.

"சாமி காரியம் லா. சந்தோஷமா இருக்க வேணாமா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வெளியாள் யாராவது பார்த்திருந்தால் புதுசாகக் கல்யாணமான ஜோடி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஜெனவீவ் சொன்னபடி சாயங்காலம் வந்தாள். வேர்த்திருந்தது, முகம் கழுவிக்கொண்டாள். அகத்தா மெழுகுவர்த்தி ஏற்றினாள். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று யாரும் கூப்பிடாமலே அழகம்மா வந்து வாசற்படியில் நின்றுகொண்டாள். ஒரு செபம் சொல்லி முடித்தார்கள். அகத்தா ஆமென் சொன்ன வேகத்தில் மெழுகுவர்த்தியே ஆடியது.

"எடும்மா. அந்தோணியாரை நெனச்சுக்கிட்டு எடு."

ஜெனவீவ் வலது பக்கம் இருந்ததை எடுத்து நூலை இழுத்தாள். இலை விரிந்தது.

வெள்ளை.

"ஜப்பான்!" என்றார் மரியராஜ். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டார்.

அகத்தா பூவைப் பார்த்தாள். சுரூபத்தைப் பார்த்தாள். அந்தோணியார் ஒரு அற்புதம் செய்துவிட்டார் என்று ஒரு விநாடி அவள் நிஜமாகவே நம்பியிருக்க வேண்டும். கை நெஞ்சுக்குப் போனது. அடுத்த விநாடி அவள் பார்வை புருஷன் பக்கம் திரும்பியது. கை மற்றப் பொட்டலத்துக்குப் பாய்ந்தது.

மரியராஜ் குறுக்கே விழுந்தார். "ஒண்ணு எடுத்தாச்சுல்ல? இன்னொண்ணைப் பிரிக்கக் கூடாது. சாமி குத்தம்."

"யாரு சொன்னா?"

"அழகம்மா, சொல்லு."

"எனக்கு என்னாண்ணே தெரியும்?" என்றாள் அழகம்மா, சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு.

அம்மாவும் அப்பாவும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜெனவீவ் அந்தப் பொட்டலத்தை எடுத்து நிதானமாகப் பிரித்தாள்.

அதுவும் வெள்ளை.

"ரெண்டும் செவப்பாத்தானே வச்..." என்று அகத்தா ஆரம்பித்தாள். அங்கேயே நிறுத்தினாள். நிறுத்தி என்ன பயன்? வந்துவிட்டதே வாயிலிருந்து.

அழகம்மாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மரியராஜ் குனிந்து கீழே பார்த்தார். சட்டைப்பையில் சிவப்புச் சாறு கசிந்து கறை பிடித்திருந்தது. அகத்தாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தோணியாரை ஏமாத்தியிருக்கீங்க," என்றாள் அவள்.

"நீ மொதல்ல ஏமாத்தினே. நான் ரெண்டாவதுதான்."

"போதும்ப்பா." ஜெனவீவ் இரண்டு பூவையும் சுரூபத்தின் முன்னால் வைத்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் மரியராஜுக்குப் பயமாக இருந்தது. "ரெண்டு பேரும் உக்காருங்க. கேப்போம் கேப்போம்னு சொன்னீங்கள்ல? இப்பக் கேளுங்க."

உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்கிற வரைக்கும் ஜெனவீவ் காத்திருக்கவில்லை. அவளே சொன்னாள்.

"நான் பிரெஞ்சு எடுக்கிறேன்."

அகத்தா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "பாத்தீங்களா! நீங்க எத்தனை வெள்ளை வச்சா என்ன? அந்தோணியார் யாரு பக்கம்னு பாத்தீங்களா? சிஸ்டர்கிட்ட இப்பவே போய்..."

"சிஸ்டர்கிட்டதான் போயிட்டு வரேன். அங்கதான் இவ்வளவு நேரம் இருந்தேன்."

அகத்தா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கன்னியாஸ்திரி ஆக மாட்டேன்னு சொல்லிட்டேம்மா. உங்க அம்மா வேற மாதிரி சொன்னாளேன்னாங்க. அம்மா சொன்னாங்க, நான் சொல்லலன்னேன். அப்புறம் டீ ஊத்திக் குடுத்தாங்க."

"டீயா குடுத்தாங்க?" என்றாள் அகத்தா. சிஸ்டர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அவங்க இல்லன்னா நான் இன்னும் சிடாம் கிரியில பால் வெட்டிக்கிட்டு இருப்பேன். அந்த நன்றிக்குத்தான்டி உன்னைக் குடுக்கிறேன்னேன்."

"நன்றி உங்களோடதும்மா. அதை நீங்க குடுங்க. என்னைக் குடுக்காதீங்க."

அழகம்மாவே சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"மடத்துக்கும் போகப் போறதில்ல," என்றாள் அகத்தா. "அப்பறம் எதுக்குடி பிரெஞ்சு?"

"படிக்கத்தான்."

மரியராஜ் முன்னால் சாய்ந்தார். இன்னும் ஒரு வழி இருப்பது போல அவருக்குத் தோன்றியது. "ஜெனி, ஜப்பான்ல நீதானம்மா மொதல் மார்க்கு? பிரெஞ்சுல கடைசிப் பரீட்சையில தட்டுத் தடுமாறித்தானே தேறினே? நல்லா வர்றதை விட்டுட்டு வராததை யாராச்சும் எடுப்பாங்களா?"

"அதனாலதாம்ப்பா எடுக்கிறேன். ஜப்பான் எனக்கு வந்துருச்சு. கேட்டாப் புரியுது, சொன்னா வாயில நிக்குது. பிரெஞ்சுதான் இன்னும் என்னை ஏய்ச்சுக்கிட்டு இருக்கு. அதுகிட்டத் தோத்துட்டு ஓடி வந்தேன்னு இருக்கக் கூடாது. நல்லாத் தெரிஞ்ச பெறகு வேணாம்னு விட்டா அது வேற."

"பிடிவாதம் லா இது."

"ஆமா, பிடிவாதந்தான். அந்த மெஷின் நின்னு நின்னு போச்சே, அதை விட்டுட்டு வேற லைனுக்குப் போங்கன்னு சொன்னாங்கள்ல? போனீங்களா? லீவு நாள்லகூடப் போய் அதுக்கு அடியில படுத்துக் கெடந்தீங்களே. எதுக்குப்பா?"

எதற்கு என்று மரியராஜுக்குத் தெரியும். அந்த மெஷின் தன்னைவிடக் கெட்டிக்காரத்தனம் காட்டுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. தலைகுனிந்து நின்ற நாளுக்கு அப்புறமும் போய்ப் படுத்தார். கடைசியில் அது ஓடியது. யாரும் பாராட்டவில்லை, மனோகரன் அதையும் மேனேஜரிடம் சொல்லவில்லை. ஆனால் ஓடியது.

ஜெனவீவ் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "மொதல் மார்க்கு வாங்கின மொழியை விடுறேன்னு நேத்தே சொல்லிப் பாத்தேன், தலைமையாசிரியை ஒத்துக்கல. வீட்டுக்குத் தெரியாம செய்யிறியான்னு கேட்டாங்க. அப்பா அம்மாவுல யாராச்சும் நேர்ல வந்து சரின்னு சொன்னாத்தான் சேத்துக்குவாங்களாம். இல்லன்னா ஜப்பான் வகுப்புலயே போட்டுருவாங்க. நாளைக்கு யாரு வரீங்க?"

அவள் அம்மாவைத்தான் பார்த்தாள். பிரெஞ்சு, பிரெஞ்சு என்று ஒரு வாரம் சுவரே அதிரக் கத்தியவள் அவள்தானே?

அகத்தா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். "நான் வரல. எந்த முகத்தை வச்சுக்கிட்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள வருவேன்? அங்கதான் சிஸ்டர் இருக்காங்க." சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். பாத்திரம் எதுவும் உருளவில்லை. அது ரொம்ப மோசமான அறிகுறி.

ஜெனவீவ் அப்பா பக்கம் திரும்பினாள்.

வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும் என்பது மரியராஜுக்கு நன்றாகத் தெரிந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் ஜப்பான் தானாக வந்து விழும். பூவும் வேண்டாம், பொட்டலமும் வேண்டாம். மனோகரனின் நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

மகள் கெஞ்சவில்லை. நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

"எட்டு மணிக்குப்பா."

மரியராஜ் சட்டைப்பைக்குள் கையை விட்டு, நசுங்கிப் போன இரண்டு செம்பருத்தியையும் வெளியே எடுத்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எட்டு மணிக்கா?"

"ஏம்ப்பா, வேலை இருக்கா?"

"இல்லம்மா," என்றார் மரியராஜ். "வரேன்."

வாசற்படியிலிருந்து அழகம்மா எழுந்தாள். பழனியாண்டி லாரியில் அந்தக் கம்பெனிச் சரக்கும் ஏறுவதுண்டு. நாளைக் காலை எட்டு மணிக்கு மரியராஜையும் மகளையும் எதிர்பார்த்து மேனேஜர் காத்திருக்கப் போகிறார் என்பது அவள் காதுக்கு நேற்றே வந்திருந்தது. மரியராஜின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, அடுப்படிப் பக்கம் மெதுவாக நடந்தாள்.

"அகத்தாக்கா," என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."